மக்காச்சோளத்துக்கு ஒரே எண் போதுமா?

எம்.ரெட்டியபட்டி, திருச்சுழிக் கரிசலில் ஐப்பசி மழையை நம்பி விளையும் மானாவாரி மக்காச்சோளம் பெரும்பாலும் கோழித் தீவனத்துக்குத்தான் போகிறது. வாங்கும் இடத்தில் எடை, ஈரப்பதம், பூஞ்சணம் பார்ப்பார்கள். சத்துக்கோ அச்சிட்ட பட்டியலின் சராசரிதான்: புரதம் 9 விழுக்காட்டை ஒட்டி, எரிசக்தி கிலோவுக்கு ஏறத்தாழ 3,300 கிலோகலோரி. இந்த வழக்கத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. எரிசக்தியில் பெரும்பங்கு மாவுச்சத்திலிருந்து வருகிறது. அது மூட்டைக்கு மூட்டை அதிகம் மாறுவதில்லை. லாரிக்கு லாரி பகுப்பாய்வு செய்யச் சிறிய ஆலைகளுக்குக் கட்டாது.

பல ஊர்ச் சரக்கு கலக்கும்போது ஏற்ற இறக்கம் தானே சமனாகிவிடும் என்பது இந்த வழக்கத்துக்கு ஆதரவான வலுவான வாதம். ஒவ்வொரு ஊர் விளைச்சலும் தனித்தனிக் காரணத்தால் மாறினால் அது சரி. மானாவாரியில் அப்படி இல்லை. மணி பிடிக்கும் பருவத்தில் மழை பொய்த்தால் வட்டாரத்துக்கே பொய்க்கிறது. மாவு ஏறாமல் மணி சிறுத்து, புரத விழுக்காடு கூடித் தெரிகிறது. தழைச்சத்து குறைந்த நிலத்தில் மழை நன்றாகப் பெய்து மணி திரண்டாலோ புரதம் இறங்குகிறது. எல்லாச் சரக்கும் ஒரே பக்கம் சாயும்போது எதோடு எதைக் கலந்து சமன் செய்வது? 9 என்று கணக்கிட்ட இடத்தில் 8 இருந்தால், 60 விழுக்காடு மக்காச்சோளம் சேர்ந்த தீவனத்தில் 0.6 புள்ளி புரதம் குறையும். பெரிய ஆலை சோயாப் புண்ணாக்கைக் கொஞ்சம் கூட்டி ஈடுகட்டிக்கொள்ளும். நாலு மூட்டை வாங்கி அரைத்துப் போடுகிறவருக்குக் குறை தெரிவதே முட்டை குறைந்த பிறகுதான். வெள்ளைச் சோளத்தையும் டானின் மிகுந்த செஞ்சோளத்தையும் 'சோளம்' என்று ஒரே வரியில் அடக்கும் பட்டியல் இன்னும் மோசம்.

அப்படியானால் புரதத்துக்கு விலை வைத்துவிடலாமே என்றால், அதையும் ஏற்க முடியவில்லை. வழக்கமான சோதனை தழைச்சத்தை அளந்து 6.25-ஆல் பெருக்குகிறது, புரதத்தின் தரத்தை அது சொல்லாது. மக்காச்சோளத்தில் கூடுதலாக ஏறும் புரதம் பெரிதும் சீயின் என்னும் வகை; கோழிக்கு அவசியமான லைசின் என்னும் அமினோ அமிலம் அதில் மிகச் சொற்பம். வறட்சியில் சுருங்கிய மணி காகிதத்தில் உயர்ந்து நிற்கும், கோழிக்கு அந்த அளவு உதவாது. பூக்கும் பருவத்து வெயிலும் வறட்சியும் அஃப்ளாடாக்சின் என்னும் பூஞ்சண நச்சின் ஆபத்தையும் கூட்டுகின்றன.

ஆகவே பட்டியல் இருக்கட்டும். ஆனால் அது ஆண்டுதோறும் வட்டாரவாரியாகத் திருத்தப்பட வேண்டும். அருப்புக்கோட்டையில் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நாமக்கல்லில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் தீவனப் பகுப்பாய்வுக்கூடம் இருக்கிறது. தை அறுவடை களத்துக்கு வந்ததும் ஊருக்குச் சில மாதிரிகள் எடுத்து, ஈரப்பதம், புரதம், லைசின், அஃப்ளாடாக்சின் நான்கையும் பார்த்து, முடிவை ஆலைக்கும் விளைவித்தவருக்கும் ஒரே நாளில் கொடுங்கள்.