கன்னொறுவைப் போரும் காவியச் சான்றும்

பேராதனை வளாகத்துக்கு அண்மையில், மகாவலி கங்கையின் மறுகரையில் உள்ள கன்னொறுவை இன்று விவசாய ஆராய்ச்சிக்குப் பெயர்பெற்ற இடமாகும். 1638 மார்ச் 28ஆம் நாள், குருத்தோலை ஞாயிறன்று, போர்த்துக்கேயத் தளபதி தியோகோ தெ மெலோ தெ காஸ்த்ரோவும் அவன் படையும் அங்கே அழிந்தனர் என்பது வரலாறு. வென்றவன் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கன். அவன் வெற்றிகளைச் சிங்கள 'ஹட்டன' காவியங்கள் பாடுகின்றன. மன்னன் புகழ்பாட எழுந்த காவியத்தைக் கொண்டு ஒரு போர் நிகழ்ந்ததென நிறுவுதல் இயலுமா?

தமிழ் மாணவருக்கு இவ்வினா புதிதன்று. ஆயிரம் யானைகளைப் போரில் வென்றவனுக்கே பரணி உரியதென்பது பாட்டியல் மரபு. கலிங்கத்துப்பரணியைக் கற்போர் கருணாகரத் தொண்டைமான் வீழ்த்திய யானைகளை எண்ணப் புகுவதில்லை. அதனால் கலிங்கப் போரே பொய்யென்று தள்ளுவதுமில்லை. ஹட்டன காவியங்களையும் அவ்வாறே நோக்குதல் வேண்டும். மிகைக்காகக் காவியத்தை ஒதுக்குவோரும், மிகையையே கணக்காகக் கொள்வோரும் இலக்கிய மரபை அறியாமையால் ஒருங்கே தவறுகின்றனர்.

எனவே தோற்ற தரப்பாரின் கூற்றை நாடவேண்டியுள்ளது. றிபெய்றோ இலங்கைக்கு வந்தது 1640இல். குவேறோஸ் பாதிரியாரோ கோவாவிலிருந்தே எழுதியவர். இருவரும் போரைக் கண்ணாற் கண்டவரல்லர். அன்றியும், இருவரும் கைவிட்டுப்போன நாட்டை நினைந்து இழப்புக்குக் காரணம் தேடி எழுதியோர். அந்நோக்கம் அவர்தம் எழுத்தில் நிழலாடாமல் இராது. ஆயினும் வெறுமையாய்க் கிடந்த கண்டி நகரை எரித்துத் திரும்புகையில் தம்மவர் சூழப்பட்டு மடிந்தனர் என்ற செய்தியைப் பகைவன் புகழுக்காக அவர்கள் புனைந்திருப்பர் எனல் பொருந்தாது. இல்லாத வெற்றியைப் புனைவோர் உளர். தம் தளபதியின் சாவைப் புனைவோர் அரியர். அதே ஆண்டு மே 18இல் மட்டக்களப்புக் கோட்டை ஒல்லாந்தர் வசமானது. ஐந்து நாட்களின் பின் வெஸ்டர்வோல்ட் மன்னனோடு உடன்படிக்கை செய்தான். இந்நிகழ்ச்சிகள் போர்க்களத்தைக் காட்டாவிடினும், போர்த்துக்கேயர் வலிகுன்றிய நிலையோடு இயைகின்றன.

ஆகவே போர் நிகழ்ந்ததென்பதில் ஐயமில்லை. ஐயத்துக்குரியது எண்ணிக்கையே. போர்த்துக்கேயருள் எஞ்சியோர் முப்பத்து மூவர் என்று துல்லியமாகக் கூறும் மரபு உண்டு. அவர்களுக்காகப் போரிட்ட 'லஸ்கரீன்' எனும் உள்நாட்டுப் படையினரின் தொகையோ நூலுக்கு நூல் வேறுபடுகின்றது. அவருட் பலர் மன்னன் பக்கம் சேர்ந்தனர் என்பர். சேராது மடிந்தோர் எத்துணையர்? காவியத்துக்கு அவர்கள் பகைவர். வென்றோரும் தோற்றோரும் அவர்தம் பெயரைக் குறித்து வைத்திலர்.