இளையராஜாவின் திருவாசகம்: இருபது ஆண்டுக்குப் பிறகு

சினிமாப் பாட்டுகளை ஒதுக்கிவிட்டு இளையராஜாவை எடைபோட உட்கார்ந்தால், தராசில் வைக்க விரல்விட்டு எண்ணும் படைப்புகளே மிஞ்சும். 1986-இல் ‘ஹவ் டு நேம் இட்’, 1988-இல் ஹரிபிரசாத் சௌராசியாவின் குழலோடு ‘நத்திங் பட் விண்ட்’, 1993-இல் லண்டனில் பதிவாகி இன்றுவரை வெளிவராத ஒரு சிம்பொனி, 2005-இல் ‘திருவாசகம்’, 2025 மார்ச் 8 அன்று லண்டனில் அரங்கேறிய ‘வேலியண்ட்’. இவற்றில் மனிதக் குரலும் தமிழ்ச் சொல்லும் நடுநாயகமாக இருப்பது திருவாசகத்தில்தான். பாட்டால் நாடகம் நடத்துவது நமக்குப் புதிதல்ல: விடிய விடியப் பாடி நடிக்கும் கூத்து காஞ்சிபுரம் பக்கம் திரௌபதியம்மன் திருவிழாக்களில் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆனால் ஐரோப்பிய ஆபரா இங்கே வேர்விடவில்லை. அதன் பங்காளியான ஒரேடோரியோவை, அதாவது வேஷமும் நடிப்பும் இல்லாமல் தனிக்குரலும் குழுக்குரலும் பெரிய வாத்தியக் குழுவும் சேரும் வடிவத்தை, தமிழில் இவ்வளவு பெரிதாக முயன்றவர் இவர். ஆகவே குரலிசைப் படைப்பாளியாக அவருக்குத் தீர்ப்பு எழுத வேண்டிய இடமும் இதுவே.

மாணிக்கவாசகர் பாடிய திருவாசகத்தின் 51 பகுதிகளில் ஆறை எடுத்துக்கொண்டார்: யாத்திரைப்பத்து, சிவபுராணம், திருக்கோத்தும்பி, பிடித்தபத்து, திருப்பொற்சுண்ணம், அச்சப்பத்து. ஓதுவார் மரபில் திருவாசகம் என்றால் மோகனம். அதைவிட்டு வெளியே வந்தது முதல் துணிச்சல். புடாபெஸ்ட் சிம்பொனி வாத்தியக் குழு வாசித்தது. தமிழோடு சேர்ந்து வரும் ஆங்கில வரிகளை எழுதியவர் பிராட்வே இசை நாடகங்களால் பெயர்பெற்ற ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ்.

சிவபுராணம் மட்டுமே இருபது நிமிடம். வாழ்த்தும் போற்றியுமாக வரும் தொடக்க அடிகளைத் தள்ளிவைத்து, மாணிக்கவாசகர் தன் வினையை நொந்துகொள்ளும் இடத்திலிருந்து பாட்டை எடுக்கிறார். இது நாடகம் தெரிந்தவர் செய்கிற காரியம். கோவிலில் தினமும் காதில் விழுந்து பழகிய பதிகம், யாரோ ஒருவன் நம் பக்கத்தில் உட்கார்ந்து குமுறுவதாக மாறிவிடுகிறது. புல்லில் தொடங்கித் தேவர்வரை ஏறும் பிறவி வரிசை அடுத்து வருகிறது. ஓதும்போது அது பட்டியலாக நகரும். இங்கே இசை படிப்படியாக ஏறுவதால், பிறந்து பிறந்து இளைத்தேன் என்று அவர் ஓயும் இடத்தில் கேட்கிறவனுக்கும் மூச்சு வாங்குகிறது. பாடுவது ராஜாவின் சொந்தக் குரல். பயிற்சி பெற்ற பாடகர் ஒருவர் பாடியிருக்கலாமே என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தக் குரலின் கரகரப்பு இந்தப் புலம்பலுக்குப் பொருந்துகிறது. மெருகேறிய குரல் இதை அழகாக்கிக் கெடுத்திருக்கும்.

ஆங்கிலப் பகுதிகள்தான் நெருடுகின்றன. வரிகளில் குறை இல்லை. ஆனால் அவற்றில் இருப்பது தேவாலயத்துப் பாவமன்னிப்பின் பணிவு. மாணிக்கவாசகர் அழுதபடியே இறைவனிடம் உரிமை கொண்டாடுபவர், சண்டையும் போடுபவர். அந்தச் சண்டை மறுகரைக்குப் போய்ச் சேரவில்லை.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. வாத்தியக் குழுவுக்கும் ஆங்கிலக் கோரஸுக்கும் தாராளமாகக் கிடைத்த பல்குரல் அடுக்கு தமிழ்ச் சொல்லுக்குப் பெரும்பாலும் கிடைக்கவில்லை. தமிழ் ஒற்றை இழையாகவே ஓடுகிறது. இதற்குக் காரணம் சொல்ல முடியும். ராமானுஜர் அவதரித்த ஸ்ரீபெரும்புதூரில் ஆதிகேசவப் பெருமாள் கோவில் கோஷ்டி பிரபந்தம் சேவிப்பதைக் கேட்டிருப்பவர்களுக்குப் புரியும்: அத்தனை பேரும் ஒரே வழியில், சொல் சிதையாமல் போவார்கள். நம் கூட்டுப்பாடலின் பழக்கம் அது. குரல்கள் பிரிந்தால் சொல் முழுகிவிடும் என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் அந்தப் பயம் ராஜாவுக்கு இருந்திருக்க வேண்டியதில்லை. ‘பகல் நிலவு’ (1985) படத்தில் அவரும் ஜானகியும் பாடும் பூமாலை டூயட்டில், ஒருவர் பாடிக்கொண்டிருக்கும்போதே மற்றவர் வேறு மெட்டில் வேறு சொல்லோடு நுழைகிறார். இரண்டும் தெளிவாகக் கேட்கின்றன. சில நிமிடச் சினிமாப் பாட்டில் சாதித்ததை, இருபது நிமிடம் கையில் இருந்தபோது அவர் முழுமூச்சாகச் செய்யவில்லை.

ஒரகடத்தில் ஷிப்டு முடிந்து கிளம்பும் கம்பெனி பஸ்களில் ஓடுவது எண்பதுகளின் ராஜா. ஏறியதும் சிவபுராணத்தைப் போட்டால் ஸ்ரீபெரும்புதூர் நெருங்கும்போது முடிந்திருக்கும். யாரும் போட்டு நான் கேட்டதில்லை. இதை அவருக்கு எதிரான சாட்சியாக நான் எடுத்துக்கொள்ளவில்லை, டிரைவரின் பென்டிரைவ் திறனாய்வு செய்வதில்லை. உறுத்துவது வேறு: பிறர் இதை எடுத்துப் பாடுவதில்லை. சிவன் கோவில்களில் திருவாசக முற்றோதல் என்று காலையிலிருந்து மாலைவரை ஊர்க்காரர்கள் மைக் வைத்து ஓதுகிறார்கள். அங்கே ராஜாவின் மெட்டு ஒன்றுகூட என் காதில் விழுந்ததில்லை. ஒரேடோரியோ நிலைப்பது பாடகர் குழுக்களின் தொண்டையில். ஹேண்டலின் ‘மெசையா’ 1742-இல் டப்ளினில் அரங்கேறியது. இன்றும் ஊர் ஊராகப் பாடுகிறார்கள். பாட ஆள் இல்லை என்றும் சொல்ல முடியாது: மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷனின் பாடகர் குழு 1893 முதல் சென்னையில் இருக்கிறது.

என் கணக்கில், சிவபுராணம் முதல் வரிசைப் படைப்பு. தமிழில் அதற்கு இணை எனக்குத் தெரியவில்லை. மற்ற ஐந்தும் பெரிய வாத்தியக் குழு உடுத்திய நல்ல பாட்டுகள். திருப்பொற்சுண்ணத்தின் துள்ளல் எனக்குப் பிடிக்கும், ஆனால் அந்தத் துள்ளலைத் தர நாலு தவிலும் ஒரு நாயனமும் போதும். ‘வேலியண்ட்’ வாத்தியங்களின் படைப்பு, இந்தக் கணக்கில் அது சேராது. குரலிசையில் அவருடைய மிக நுட்பமான வேலை இன்னும் சினிமாவில்தான் கிடக்கிறது. 81 வயதில் சிம்பொனி அரங்கேற்றியவரிடம், தமிழ்ச் சொல்லுக்கு நான்கு குரலில் எழுதுங்கள் என்று கேட்பது பேராசை ஆகாது.