அங்கிக்குள் ஒரு குத்துவாள்

அரண்மனை விருந்து. வாசலில் காவலர்கள் ஆயுதங்களை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டுகளில் இந்தக் கட்டம் வந்தால், பூட்ஸுக்குள் குத்துவாளைச் செருகாத ஆட்டக்காரர் அபூர்வம். விதி என்ன சொல்கிறது என்ற சச்சரவும் அங்கேதான் தொடங்கும்.

2003-இல் வந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 3.5 பதிப்பு இதற்கு விரிவாகவே விதி எழுதியது. ஒளிப்பவர் கைச்சாமர்த்தியத்துக்காக இருபது முகப் பகடையை உருட்ட, காவலர் எதிர்ப்பகடை உருட்டுவார். குத்துவாள் என்றால் 2 கூடுதல், தொளதொள அங்கிக்கு இன்னொரு 2. காவலர் வெறுமனே பார்க்காமல் உடம்பைத் தடவிச் சோதித்தால் அவருக்கு 4. இந்த விதியின் அறிவான இடம் இதுதான். காவலரைப் பேச்சில் மயக்கித் தடவாமல் விடவைத்தால், அந்தப் பேச்சுக்குக் கணக்கிலேயே பலன் கிடைக்கிறது. ஒளித்த ஆயுதத்தை உருவினால் அந்தச் சுற்றில் தாக்க முடியாது என்பதும் நியாயமான விலை.

கோளாறு தலைக்கணக்கில் இருக்கிறது. ஒருவர் தப்ப 60 சதவீத வாய்ப்பு என்று வையுங்கள். நால்வரும் தப்ப வெறும் 13 சதவீதம். ஒருவர் அகப்பட்டால் எல்லோரும் அகப்பட்டதுதான். 2014-இன் ஐந்தாம் பதிப்பில், பாதிப்பேர் வென்றாலே குழு வென்றதாகக் கொள்ளும் விதி உண்டு. பதுங்கி நடக்க அது பொருந்தும். இருவர் இடுப்பில் கத்தி சிக்கிய பிறகு மற்ற இருவரின் சாமர்த்தியம் யாரைக் காப்பாற்றும்?

இதைவிடப் பெரிய அநியாயம் ஒன்று உண்டு. வெறுங்கையால் அடிக்கும் மடத்துத் துறவியிடம் பறிக்க எதுவுமில்லை. மந்திரவாதி மனதில் வைத்திருக்கும் மந்திரத்தை எந்தக் காவலர் தடவிப் பார்ப்பார்? வாளை நம்பிப் பிழைக்கும் வீரன்தான் நிராயுதபாணியாகிறான். போதாததற்கு, அவன் போட்டிருக்கும் கவசத்தின் சுமையும் 3.5 பதிப்பில் அவன் பகடையிலிருந்தே கழிகிறது!

1990-இன் சைபர்பங்க் 2020 என்னைக் கவர்வது அதன் சிக்கனத்தால். ஒவ்வோர் ஆயுதத்துக்கும் ஓர் எழுத்து: சட்டைப்பைக்குள் அடங்குவது, ஜாக்கெட் வேண்டியது, நீண்ட கோட்டு வேண்டியது, மறைக்கவே முடியாதது. உடையைத் தேர்ந்தெடுக்கும்போதே ஆட்டம் தொடங்கிவிடுகிறது. கோடை விருந்துக்கு நீண்ட கோட்டோடு போனால் பகடை எதற்கு?

2017-இன் பிளேட்ஸ் இன் தி டார்க் எதிர்த்திசையில் போகிறது. சுமையின் அளவை மட்டும் முன்பே சொல்ல வேண்டும். 3-க்குள் இருந்தால் சாதாரணக் குடிமகன் தோற்றம். கையில் என்ன ஆயுதம் என்பது தேவைப்படும் நொடியில்தான் முடிவாகும். கொள்ளைக் கதைக்கு இந்த வேகம் சரி. ஆனால் காவலரின் கை முழங்காலுக்குக் கீழே இறங்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்ளும் அந்தச் சுகம் போய்விடுகிறது.

இவற்றில் எதுவும் பழைய தந்திரம் ஒன்றைக் கண்டுகொள்ளவில்லை. ஒரு கத்தியைச் சுலபமாக அகப்படவிட்டால், திருப்தியடைந்த காவலர் இரண்டாவதைத் தேடமாட்டார். 3.5-இன் பட்டியலில் இதற்கென்று ஒரு புள்ளியும் இல்லை. சூழ்நிலையைக் காட்டி, ஆட்டத்தை நடத்தும் டஞ்சன் மாஸ்டர் 2 கொடுத்தால்தான் உண்டு.