'நாங்கள்' என்ற சொல்: ஒரு ஜேர்மன் வேண்டுகோளை முன்வைத்து

பாடசாலை முடித்ததும் ஒரு வருடம் வெளிநாடு போய்த் தொண்டு செய்துவிட்டு வரும் ஜேர்மன் பிள்ளைகளை நாம் எல்லோரும் அறிவோம். நம்மவர்களிடம் இவர்களைப் பற்றி இரண்டு விதமான கதைதான் உண்டு. ஒன்று, 'வெள்ளைக்காரன் எவ்வளவு நல்லவன் பார்' என்ற வியப்பு. மற்றது, 'காசு கூடிப்போய் ஊர் பார்க்கப் போகுதுகள்' என்ற நக்கல். இந்தப் பயணங்களில் ஒரு பகுதிக்குப் பின்னால் ஒரு சிறு பிரதி இருக்கிறது. ஓர் இலக்கியப் பிரதியை வாசிப்பதுபோல அதைச் சொல் சொல்லாக வாசித்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

1958 ஏப்ரல் 30 அன்று பேர்லினில் கூடிய எவஞ்சலிக்கத் திருச்சபைப் பேரவையில் லோதர் கிரைஸிக் என்பவர் ஒரு வேண்டுகோளை முன்வைத்தார். 'அக்ஸியோன் சூனெட்சைஹன்' அதிலிருந்துதான் பிறந்தது. 'பிராயச்சித்த அடையாள இயக்கம்' என்று சுமாராகத் தமிழ்ப்படுத்தலாம். இன்றும் ஆண்டுதோறும் இளைஞர்களை வெளிநாடுகளுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது.

வேண்டுகோள் சமாதானத்தை இரந்து கேட்பதோடு தொடங்குகிறது. யுத்தத்தைத் தொடக்கியவர்கள் ஜேர்மனியரே, அதனாலேயே மற்றவர்களைவிட அதிக குற்றம் தம்முடையது, பல மில்லியன் யூதர்களைக் கொன்றதும் ஜேர்மனியரே என்று சொல்கிறது. அடுத்த வசனம்தான் என்னை நிறுத்தியது. பிழைத்திருப்பவர்களுள் இதை விரும்பாதவர்களும் தடுப்பதற்குப் போதிய அளவு எதுவும் செய்யவில்லை என்கிறது அது. பிறகு போலந்து, ரஷ்யா, இஸ்ரேல் ஆகியவற்றிடம், தங்கள் கைகளாலும் பொருளாலும் அங்கே ஏதாவது நல்லதைச் செய்ய அனுமதிக்கும்படி கேட்கிறது. ஒரு கிராமம், ஒரு தேவாலயம், ஓர் ஆஸ்பத்திரி, அல்லது அவர்கள் விரும்பும் வேறு எதுவோ.

இதை எழுதியவர் யார் என்பது முக்கியம். கிரைஸிக் பிராண்டன்பேர்க் நகரில் நீதிபதியாக இருந்தவர். தன் பாதுகாப்பில் இருந்த மனநோயாளிகள் ஒவ்வொருவராகக் காணாமற்போவதைக் கண்டு, 1940இல் நீதி அமைச்சருக்கு எழுதி, அந்தக் கொலைத்திட்டத்தின் பொறுப்பாளர் மீதே கொலைக்குற்றம் சுமத்தினார். பதவி போயிற்று. நாஸி ஆட்சியில் இதை வெளிப்படையாக எதிர்த்த நீதிபதி அநேகமாக இவர் ஒருவர்தான். 'அவர்கள் செய்தார்கள், நான் எதிர்த்தேன்' என்று சொல்ல முழு உரிமை உள்ளவர், 'நாங்கள் போதியளவு செய்யவில்லை' என்று எழுதுகிறார்.

தமிழில் 'நாம்', 'நாங்கள்' என்று இரண்டு சொற்கள் உண்டு. பேச்சில் நாம் அவற்றைக் கலந்துவிட்டாலும் எழுத்தில் வித்தியாசம் இருக்கிறது. கேட்பவரையும் உள்ளடக்குவது 'நாம்'. வெளியே நிறுத்துவது 'நாங்கள்'. டொச் மொழிக்கு ஒரே ஒரு 'வியர்'தான். இந்த வேண்டுகோளைத் தமிழில் பெயர்ப்பவர் 'நாங்கள்' என்றே எழுதவேண்டும். குற்றம் செய்தவர்களோடு எழுதியவரைச் சேர்த்துக்கொள்கிற, பாதிக்கப்பட்டவரைத் தன்னோடு அவசரப்பட்டுச் சேர்த்துக்கொள்ளாத சொல் அது. இலங்கை அரசு நல்லிணக்கம் பற்றிப் பேசும்போதெல்லாம் பாவிப்பது 'நாம்'. நாம் அனைவரும் இலங்கையர், நாம் அனைவரும் துன்பப்பட்டோம். எவ்வளவு வசதியான சொல்!

பிரதியில் எனக்கு உடன்பாடில்லாத இடங்களும் உண்டு. கொலைகளை அது கடவுளுக்கு எதிரான கலகமாகப் பார்க்கிறது. கொல்லப்பட்டவர் அங்கே இரண்டாம் இடத்துக்குப் போய்விடுகிறார். சிந்தி, ரோமா மக்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. அதைவிட ஆச்சரியம், எந்த நோயாளிகளுக்காக அந்த மனிதர் பதவியை இழந்தாரோ, அவர்களைப் பற்றியும் இல்லை.

கேட்டவுடன் யாரும் கதவைத் திறந்துவிடவும் இல்லை. முதற் குழுக்கள் 1959இல் போனது நெதர்லாந்துக்கும் நோர்வேக்கும்தான். பின்வாங்கிய ஜேர்மன் இராணுவம் 1944இல் எரித்துவிட்டுப் போன வட நோர்வேயில், கொக்கெல்வ் என்ற சிற்றூரில் ஒரு தேவாலயம் கட்டினார்கள். இஸ்ரேல் 1961இல் ஏற்றுக்கொண்டது. அதே வருடம் பேர்லினில் சுவர் எழுந்தது. கிழக்கில் வாழ்ந்த கிரைஸிக் தான் தொடக்கிய இயக்கத்தின் மேற்குப் பாதியிலிருந்து துண்டிக்கப்பட்டார். (நம்மில் பலர் எண்பதுகளில் ஷோனெஃபெல்டில் இறங்கி, மேற்கு பேர்லினுக்குள் வந்து சேர்ந்தது அந்தப் பிளவின் வழியாகத்தான்.)

கொவென்ட்ரியில் நடந்தது தனியே சொல்லப்படவேண்டியது. 1940இல் ஜேர்மன் குண்டுகளால் அழிந்த பேராலயத்தின் இடிபாட்டை ஆங்கிலேயர் இடிபாடாகவே விட்டுவைத்து, பக்கத்தில் புதியதைக் கட்டினார்கள். 1961இல் வந்த ஜேர்மன் இளைஞர்கள் அந்த இடிபாட்டின் ஒரு மூலையில் ஒரு சந்திப்பு நிலையத்தை அமைத்தார்கள். காயத்தை மூடிப் பூசவில்லை. 1965இல் அங்கிருந்து இளைஞர்கள் டிரெஸ்டெனுக்கு வந்து, பிரித்தானியக் குண்டுகள் சிதைத்த ஓர் ஆஸ்பத்திரியைக் கட்ட உதவினார்கள்.

இதோடு யாழ்ப்பாண நூலகத்தை வைத்துப் பாருங்கள். 1981இல் எரிந்த அந்தக் கட்டடத்துக்கு, 1997இல் சந்திரிகா அரசின் 'வெண்தாமரை' இயக்கம் ஒரு செங்கல்லும் ஒரு புத்தகமும் கேட்டுத் தெற்கில் பிரசாரம் செய்தது. கொடுத்தவர்களில் நல்ல மனசுக்காரர் பலர் இருந்திருப்பார்கள். ஆனால் எரித்தது முந்திய ஆட்சி, கட்டுவது நாங்கள் என்பதே அதன் தொனி. யாழ்ப்பாணத்து மக்களிடம் அனுமதி கேட்ட ஒரு வசனம் அதில் இல்லை. வன்னியில் அதே அரசின் யுத்தம் நடந்துகொண்டிருந்தது. கரியைச் சுரண்டி வெள்ளை பூசினார்கள்.

இதுவரை வாசித்தவர்கள் தலையாட்டியிருப்பீர்கள். இனித்தான் சிக்கல்.

1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து ஏறத்தாழ எழுபத்தையாயிரம் முஸ்லிம்கள் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாண நகரில் கொடுத்த அவகாசம் சில மணித்தியாலங்கள். சோனகத்தெரு வீடுகளின் கதவும் ஓடும் எங்கே போயின என்பதை ஊரில் இருந்தவர்கள் அறிவார்கள். புலம்பெயர் சிறுபத்திரிகைகள் இதைக் கண்டித்தன. அந்தத் துணிவுக்கு விலையும் கொடுத்தன. அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அவற்றில் எழுதியவர்களின் இலக்கணத்தைப் பாருங்கள். 'அவர்கள் துரத்தினார்கள், நாங்கள் கண்டித்தோம்.' கிரைஸிக்குக் கிடைத்திருக்கக்கூடிய அதே சௌகரியமான வசனம். 2002 ஏப்ரலில் கிளிநொச்சிப் பத்திரிகையாளர் மாநாட்டில் பாலசிங்கம் இதுபற்றி மன்னிப்புத் தொனியில் சில வார்த்தைகள் சொன்னார். ஓர் இயக்கத்தின் பேச்சாளர் சொன்னதை ஒரு சமூகம் சொன்னதாக எடுத்துக்கொள்ள முடியுமா?

நமக்குச் செய்யப்பட்டதை ஒருவரும் ஏற்றுக்கொள்ளாதபோது நாங்கள் ஏன் முதலில் குனியவேண்டும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். முள்ளிவாய்க்காலையும் புத்தளத்தையும் ஒரே தராசில் வைக்க நான் சொல்லவில்லை. 1958இல் ஜேர்மனியரிடமும் டிரெஸ்டென் இருந்தது. கிழக்கிலிருந்து துரத்தப்பட்ட பல மில்லியன் ஜேர்மன் அகதிகள் இருந்தார்கள். வேண்டுகோள் அந்தக் கணக்கைத் திறக்கவேயில்லை.

நம் பிள்ளைகள் இப்போது வளர்ந்துவிட்டார்கள். 2008இல் ஜேர்மன் அரசு தொடக்கிய 'வெல்ட்வேர்ட்ஸ்' போன்ற திட்டங்களில் பதினெட்டு வயதில் அவர்களும் விண்ணப்பிக்கலாம். அரசே அதைக் 'கற்றல் சேவை' என்கிறது. யார் கற்க, யார் இடம் கொடுக்க என்று கேட்டால் பதில் சங்கடமானது. தாய் தகப்பனின் ஊரில் ஆங்கிலம் படிப்பித்துவிட்டு வரும் பிள்ளையை நாம் மெச்சுவோம். அதே பிள்ளை, சோனகத்தெருவில் கூரையில்லாத ஒரு வீட்டுக்குச் சுவர் எழுப்பப் போகிறேன் என்றால் நம் வீட்டு மேசையில் என்ன கதைப்போம்?

போவதற்கு முதல் ஒரு கடிதம் எழுதவேண்டியிருக்கும். தமிழில் எழுதினாலே போதும், அவர்களுடைய மொழியும் அதுதான். வேண்டாம் என்று பதில் வரலாம். பதிலே வராமலும் இருக்கலாம். ஔஷ்விட்ஸ் வளாகத்தில் வேலை செய்ய ஜேர்மன் இளைஞர்களுக்கு இடம் கிடைத்தது அறுபதுகளின் நடுப்பகுதியில்தான். அதுவரை அந்த வேண்டுகோள் காத்துக்கொண்டிருந்தது.