நனையும் போனுக்கு ஒரு ஸ்டிக்கர் வைத்தியம்

தாண்டிக்குடியில் இருக்கும் அக்கா வீட்டுக்காரர் போன வாரம் வாட்ஸப்பில் ஒரு விளம்பரப் படம் அனுப்பியிருந்தார். காகிதம் மாதிரி மெல்லிய ஒரு சதுரம், அதிலிருந்து நீளும் ஒரு பட்டை, பட்டையின் நுனியில் யூஎஸ்பி-சி முனை. போனுக்குப் பின்னால் ஒட்டிவிட்டால் எந்தப் போனும் வயர்லெஸ் சார்ஜ் ஆகும் என்று போட்டிருந்தது. "மாப்ள, இதை ஒட்டி மேல முரட்டுக் கவரையும் போட்டுட்டா மழைக்காலம் பூரா சார்ஜ் ஓட்டையைத் தொடவே வேணாம்ல? வாங்கட்டா?" என்று கேட்டிருந்தார்.

அவருடைய தொல்லை நிஜமானது. காப்பித் தோட்டத்தில் ஐப்பசி, கார்த்திகை முழுக்க மழையும் பனிமூட்டமும்தான். போன் ஐபி68, வெளியே முரட்டுக் கவர். ஆனாலும் சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஒயரைச் செருகினால், "ஈரம் இருக்கிறது, சார்ஜ் செய்ய முடியாது" என்று போன் அடம் பிடிக்கும். கூலியாட்களைக் கூப்பிட, மிளகு விலை கேட்க, ராத்திரியில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் ஜீப் பிடிக்க, எல்லாவற்றுக்கும் அந்த ஒரு போன்தான். "வேணாம்" என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட மனசு வரவில்லை. உட்கார்ந்து யோசித்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் ஐபி68. இதில் 6 என்பது தூசிக்கு, 8 என்பது தண்ணீருக்கு. 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம். 8 என்றால் அதைவிடக் கடுமையான சோதனை, ஆனால் எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதைத் தயாரிப்பாளரே சொல்லிக்கொள்ளலாம். சோதனை நடப்பது நல்ல தண்ணீரில், புதுப் போனில். தண்ணீர் உள்ளே போகாது என்பதுதான் அதன் பொருள். நனைந்த துளையில் மின்சாரம் கொடுக்கலாம் என்று அது எங்கேயும் சொல்லவில்லை.

இது சும்மா வாதத்துக்குச் சொல்வதல்ல. 2022 ஜூனில் ஆஸ்திரேலிய நீதிமன்றம் சாம்சங்குக்கு 1.4 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது இதே விஷயத்துக்காகத்தான். 2016 முதல் 2018 வரை வந்த விளம்பரங்கள் கேலக்ஸி போன்களை நீச்சல் குளத்திலும் கடலிலும் பயன்படுத்தலாம் என்று காட்டின. அப்படி நனைந்த போனை ஈரம் காயாமல் சார்ஜ் போட்டால் துளை அரித்துப்போக வாய்ப்பிருக்கிறது என்பதை நிறுவனமே ஒப்புக்கொண்டது. ஈரமான இரண்டு உலோக முனைகளுக்கு நடுவே 5 வோல்ட் கொடுத்தால் பள்ளிக்கூட ஆய்வகத்தில் செய்த மின்பகுப்பு நடக்கும். உப்போ வியர்வையோ சேர்ந்தால் இன்னும் வேகமாக நடக்கும். ஆக, போன் அடம் பிடிப்பது நம் நல்லதுக்குத்தான்.

அப்படியானால் வயர்லெஸ்தானே விடை? கொள்கையளவில் ஆமாம். குளியலறையில் வைக்கும் எலெக்ட்ரிக் பல்துலக்கி பல வருஷமாக இப்படித்தான் சார்ஜ் ஆகிறது. வெளியே ஒரு கம்பிச்சுருள், உள்ளே ஒரு சுருள், நடுவே பிளாஸ்டிக், ஈரத்துக்குப் பிடிகொடுக்க உலோகமே கிடையாது. 2008-ல் தொடங்கிய வயர்லெஸ் பவர் கன்சார்டியம் போனுக்காகக் கொண்டுவந்த தரமும் இதே தத்துவம்தான். அதன் பெயரைச் 'சீ' என்று உச்சரிக்க வேண்டும். தமிழில் சொல்லிப் பார்த்தால் கொஞ்சம் சங்கடம், ஆனால் பொருள் நல்ல பொருள்.

சிக்கல் ஸ்டிக்கரில் இருக்கிறது. சுருள் வாங்கும் மின்சாரம் போனுக்குள் எந்த வழியாகப் போகிறது? அதே யூஎஸ்பி துளை வழியாக! எந்த முனைகளில் ஈரத்தோடு மின்சாரம் படக்கூடாது என்று இவ்வளவு பாடுபடுகிறோமோ, அதே முனைகளில்தான் இதுவும் 5 வோல்ட்டைக் கொண்டுபோய் வைக்கிறது. போனைப் பொறுத்தவரை இதுவும் ஒரு ஒயர்தான். துளையில் ஈரம் இருந்தால் இதற்கும் அதே எச்சரிக்கை வரும், சார்ஜ் ஏறாது.

போதாததுக்கு, அந்த முனை 24 மணி நேரமும் துளைக்குள் உட்கார்ந்திருக்கும். வெறும் துளை என்றால் காற்றுப் பட்டுக் காயும். முனை செருகிய துளையில் இடுக்கில் புகுந்த தண்ணீர் அங்கேயே தங்கும். துளைக்கு ரப்பர் மூடி உள்ள போனாக இருந்தால் மூடியை நிரந்தரமாகத் திறந்தே வைக்க வேண்டும். கதவைக் காப்பாற்றப் பூட்டைக் கழற்றுகிற வேலை இது.

அடுத்தது முரட்டுக் கவர். சுருளுக்கும் சுருளுக்கும் இடைவெளி சில மில்லிமீட்டர்தான் இருக்கலாம். தடித்த முதுகுள்ள கவர் அதையெல்லாம் சாப்பிட்டுவிடும். காந்த ஸ்டாண்டுக்காக உள்ளே இரும்புத் தகடு வைத்த கவர் என்றால் தகடுதான் சூடாகும், அல்லது சார்ஜர் அந்நியப் பொருள் என்று நினைத்து நின்றுவிடும். தகடே இல்லாவிட்டாலும் வீணாகும் சக்தி வெப்பமாகத்தான் வெளியேற வேண்டும். அது பேட்டரியின் முதுகிலேயே, ரப்பர் போர்வைக்குள் நடக்கிறது.

மாமாவுக்கு நான் முக்கியமாகச் சொன்னது கரண்ட் கணக்கு. 2018 நவம்பர் 16-ல் வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயல் திண்டுக்கல் மாவட்டம் வழியாகப் போனபோது கொடைக்கானல் மலையில் மரங்கள் சாய்ந்து, சாலைகள் அடைபட்டு, மின்சாரம் போனது. அந்த மாதிரி நாளில் கையில் இருப்பது ஒரு பவர் பேங்க். 10,000 எம்ஏஎச் என்றால் 37 வாட்-மணி. ஒயரில் தோராயமாக 31 வந்து சேரும், 5,000 எம்ஏஎச் போனை ஒன்றரைத் தடவை நிரப்பலாம். சுருள் வழியாக என்றால், சரியாகப் பொருந்தினால்கூட அதில் 70 சதவீதம்தான் தேறும், ஒரு தடவையோடு முடிந்தது. அந்த அரை சார்ஜ்தான் மூன்றாம் நாள் காலையில் வரவேண்டிய போன் அழைப்பு.

கடைசியாக, மலைக்கே உரிய ஒரு தொல்லை. மாமா வத்தலக்குண்டு சந்தைக்கு இறங்கி ஏறுகிறவர். கீழே 30 டிகிரி புழுக்கத்தில், ஈரப்பதம் 70 சதவீதம் என்று வைத்தால், அந்தக் காற்று 24 டிகிரிக்குக் குளிர்ந்தாலே பனிநீராகும். அந்தக் காற்றைக் கவருக்குள் அடைத்துக்கொண்டு 15 டிகிரி குளிருக்கு ஏறினால், சொட்டு மழை இல்லாமலே கவருக்குள் ஈரம் கோத்துக்கொள்ளும். இறுக்கமான கவர் அந்த ஈரத்தை வெளியேயும் விடாது. அவருடைய போன் மழையில்லாத நாளிலும் அடம் பிடித்ததற்கு இதுதான் காரணமாக இருக்கும் என்று சந்தேகிக்கிறேன்.

ஆக என் தீர்ப்பு: ஸ்டிக்கர் வேண்டாம். அடுத்த போன் வாங்கும்போது சுருள் உள்ளேயே வைத்த போனும், தகடில்லாத மெல்லிய முதுகுக் கவரும் வாங்கலாம். அதில் துளை ஈரமாக இருந்தாலும், முதுகைத் துடைத்துவிட்டுச் சார்ஜரில் வைக்கலாம். அப்போதும் புயல் நாளுக்கு ஒரு ஒயர் வீட்டில் இருக்கட்டும். அதுவரைக்கும், மலையேறி வந்ததும் கவரைக் கழற்றிவிட்டு, துளை கீழே பார்க்கும்படி போனை லேசாகத் தட்டி, காற்றாட வைக்கவும். அரிசிப் பானையும் வேண்டாம், அடுப்பு மேடும் வேண்டாம்.

எல்லாவற்றையும் போனில் சொல்லி முடித்தேன். மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்ப கவரைக் கழட்டி வைக்கிறதுக்குக் காசு ஒண்ணும் இல்லைல?" என்றார். இல்லை என்றேன். "அதை மொத ரெண்டு நாள் செஞ்சு பாக்குறேன் மாப்ள."