மணி மாறும், மந்திரம் மாறாது

செபமாலையைப் பார்த்துப் பிறர் கேட்கும் முதல் கேள்வி, ஒரே மந்திரத்தை எதற்கு இத்தனை தடவை என்பதுதான். 53 மணி செபமாலையில் அருள் நிறை மந்திரம் 53 தடவை வருகிறது. 153 மணி என்றால் 153 தடவை. வெறும் விண்ணப்பமாக எடுத்துக்கொண்டால் இந்தக் கணக்குக்கு நியாயம் சொல்ல முடியாது. கேட்பவர் கடவுள் என்றால் ஒரு தடவை போதுமே. ஆனால் செபமாலையில் அந்த மந்திரம் சுருதியாக நிற்கிறது. பாட்டு வேறு இடத்தில் நடக்கிறது. தம்பூராவில் அதே நாலு தந்தி ஒலிக்கிறதே என்று எந்த ரசிகரும் குறைப்படுவதில்லை. இங்கே பாட்டு என்பது ஒவ்வொரு பத்து மணிக்கு முன்னாலும் சொல்லப்படும் தேவ இரகசியம், அதாவது இயேசு, மரியாள் வாழ்விலிருந்து ஒரு காட்சி. வாய் மரியாளை வாழ்த்திக்கொண்டிருக்க, மனம் பெத்லகேமிலோ கல்வாரியிலோ இரண்டு மூன்று நிமிடம் தங்குகிறது. மாலையைக் கையில் எடுத்தால் அதன் வடிவமே இதைச் சொல்லிவிடும். பத்து மணிகள் நெருங்கிக் கிடக்கும். பிறகு கொஞ்சம் வெறும் சங்கிலி, தனி மணி ஒன்று, மறுபடி வெறும் சங்கிலி. விரல் அந்தச் சங்கிலியைத் தொட்டதும் பத்து முடிந்தது என்று தெரிந்துவிடும். கண்ணைத் திறக்க வேண்டியதில்லை. எண்ணுவதை விரலும் சொல்லுவதை நாவும் பார்த்துக்கொள்ள, மனம் தியானத்துக்கென்று மிஞ்சுகிறது.

இந்த வடிவம் ஒரே நாளில் வந்துவிடவில்லை. மாதா புனித சாமிநாதருக்குக் கொடுத்தது என்பது பக்தி மரபு. வரலாற்றில் தெரிகிற வளர்ச்சி மிக மெதுவானது. மடங்களில் துறவிகள் 150 சங்கீதங்களைப் பாடினார்கள். இலத்தீன் படிக்கத் தெரியாதவர்கள் அதற்கு ஈடாக 150 பரலோக மந்திரமும், பிற்பாடு 150 அருள் நிறை மந்திரமும் சொன்னார்கள். அதுவரை அது பெரும்பாலும் எண்ணிக்கைதான். 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஜெர்மனியின் ட்ரியர் நகரில் கார்த்தூசியத் துறவியாக இருந்த பிரஷ்யாவின் தோமினிக், 50 அருள் நிறை மந்திரங்கள் ஒவ்வொன்றோடும் இயேசுவின் வாழ்விலிருந்து ஒரு சிறு வாக்கியத்தைச் சேர்த்தார். செபமாலை ஒரு கலையாகியது அங்கேதான் என்பேன். மந்திரம் அதேதான், ஒவ்வொரு மணியிலும் காட்சி மட்டும் நகர்ந்தது. காலப்போக்கில் இத்தகைய தியானங்கள் 15 தேவ இரகசியங்களாக நிலைபெற்றன. 1569-இல் திருத்தந்தை ஐந்தாம் பயஸ், மந்திரமும் தியானமும் சேர்ந்த இந்த முறைக்கு ஒப்புதல் தந்தார்.

சொற்களைப் பெருக்கிக் கடவுளை இணங்கவைக்கலாம் என்று எண்ணாதீர்கள் என மத்தேயு 6-இல் இயேசுவே எச்சரித்திருக்கிறாரே என்று பிற சபையார் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானது. ஆனால் அதே மத்தேயு 26-இல், கெத்சமனியில் இயேசு மூன்றாம் முறையும் அதே வார்த்தைகளைச் சொல்லிச் செபித்தார் என்று எழுதியிருக்கிறது. 136ஆம் சங்கீதத்தின் 26 வசனங்களும் ஒரே பல்லவியில் முடிகின்றன. ஆகவே இயேசு கண்டித்தது, சொற்களை விலையாகக் கொடுத்து வரம் வாங்கப் பார்க்கும் மனத்தை. இத்தனை மாலை சொன்னால் இன்னது கிடைக்கும் என்று கணக்குப் போடுகிற கத்தோலிக்கருக்கும் அந்தக் கண்டனம் பொருந்தும். அதை மறைக்கத் தேவையில்லை. மரியாள் இயேசுவை மறைத்துவிடுகிறார் என்ற குறையோ மாலையைச் சொல்லிப் பார்த்தால் நிற்காது. மந்திரத்தின் முதல் பாதி லூக்கா நற்செய்தியில் வானதூதரும் எலிசபெத்தும் சொன்ன வாழ்த்து. அது இயேசுவின் பெயரில் வந்து முடிகிறது. இன்றுள்ள 20 இரகசியங்களில் வேதாகமம் நேரடியாக விவரிக்காதவை கடைசி இரண்டுதான்.

மாறாத ஒன்றின் மேல் மாறும் ஒன்று நடப்பதைக் காதாலேயே கேட்க வேண்டுமென்றால் பீபரிடம் போகலாம். சால்ஸ்பர்க் பேராயரின் அரண்மனை இசைக்கலைஞராக இருந்த ஹைன்ரிக் பீபர், 1670-களில் 15 இரகசியங்களுக்கும் 15 வயலின் சொனாட்டாக்கள் எழுதினார். மியூனிக்கில் உள்ள கையெழுத்துப்படியில் ஒவ்வொன்றின் தலைப்பிலும் அந்த இரகசியத்தின் சிறு செதுக்குப்படம் உண்டு. பாட வார்த்தை கிடையாது. முதல் சொனாட்டாவைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் வயலின் தந்திகளைப் புதிதாகச் சுருதி மாற்ற வேண்டும். உயிர்ப்பைச் சொல்லும் 11ஆம் சொனாட்டாவில் நடுத் தந்திகள் இரண்டையும் இடம் மாற்றிப் பூட்டுவார்கள். குதிரைக்குப் பின்னால் அவை ஒன்றையொன்று வெட்டிச் சிலுவையாகக் கிடக்கும். 15-உம் முடிந்தபின் துணைக்கருவி இல்லாமல் தனி வயலினுக்கு ஒரு பாசகாலியா. அதில் இறங்கிவரும் நாலே நாலு சுரங்கள் 65 தடவை திரும்ப வருகின்றன. சிறிது நேரத்தில் காது அவற்றைத் தனியாகக் கவனிப்பதை விட்டுவிடுகிறது. ஆனால் மேலே ஓடும் ஒவ்வொரு இழையும் அவற்றில்தான் ஊன்றி நிற்கிறது. செபமாலைக்கு இதைவிடத் தெளிவான விளக்கவுரையை நான் அறியேன்.

பக்தர்களுக்கே உள்ள சந்தேகம் வேறு: வாய் ஓரிடம், மனம் ஓரிடம் என்றால் அது உண்மையான செபமா? மனம் இரகசியத்தில் இருந்தால் உண்மைதான். வீட்டுக் கணக்கில் இருந்தால் இல்லை. தியானம் இல்லாத செபமாலை உயிரற்ற உடல் என்று திருத்தந்தை ஆறாம் பவுலே 1974-இல் எழுதினார். மனம் நழுவும்போது இழுத்துப் பிடிக்கத்தான் குடும்பமாகச் சொல்லும் முறை உதவுகிறது. ஒருவர் முதல் பாதியைச் சொல்ல மற்றவர்கள் பின்பாதியை எடுக்கிறார்கள். தனக்குரிய பாதி வந்ததும் அலைந்த மனம் திரும்பியாக வேண்டும். இந்த அழகைக் கெடுப்பது வேகம். ஒரு மந்திரம் முடியும் முன்னே அடுத்ததைத் தொடங்கினால், தங்குவதற்கென்று கட்டிய நேரமே காணாமல் போகிறது.

2002-இல் இரண்டாம் யோவான் பவுல் ஒளியின் இரகசியங்கள் ஐந்தைச் சேர்த்தபோது, 150 சங்கீதங்களின் கணக்கு குலைந்துவிட்டதே என்று வருந்தியவர்கள் உண்டு. அந்தப் பழைய பொருத்தம் போனது இழப்புதான். ஆனாலும் சேர்த்தது சரி என்றே நினைக்கிறேன். அதுவரை மகிழ்ச்சி இரகசியங்கள் கோயிலில் காணக்கிடைத்த 12 வயதுச் சிறுவனோடு நின்றுவிடும். அடுத்த மணி நேரே கெத்சமனி. யோர்தானில் இறங்கியவரும், கானாவில் விருந்துக்கு வந்தவரும், ஊர் ஊராய் இறையரசைச் சொல்லித் திரிந்தவரும் மணிகளுக்கு வெளியே நின்றார்கள். இப்போது வியாழக்கிழமைகளில் அவர்களிடமும் பத்துப் பத்து மணி தங்க முடிகிறது.