வாசலுக்கும் வாய் உண்டு!

மார்கழி விடியல். அடையாற்றை அடுத்த பெசன்ட் நகர்த் தெருவில் இளைஞர் சிலர் குனிந்து கோலமிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களிற் பலர் பெண்கள். கையில் கல் இல்லை, கழி இல்லை, கோலப்பொடி இருந்தது. 2019ஆம் ஆண்டு டிசம்பர் 29, ஞாயிற்றுக்கிழமை. புள்ளி வைத்தார்கள், கோடு இழுத்தார்கள், கோட்டுக்கு நடுவே சில எழுத்துகளையும் வரைந்தார்கள். குடியுரிமைத் திருத்தச் சட்டம் வேண்டாம், குடிமக்கள் பதிவேடு வேண்டாம் என்பதே அவ்வெழுத்துகளின் பொருள். காவல்துறை வந்தது. "அனுமதி எங்கே?" என்றது. கோலமிட்டவர்களைப் பிடித்துச் சென்று, ஒரு சமூகக் கூடத்தில் அமர்த்தி, பிறகு விடுவித்தது. வழக்கும் பதிவாயிற்று.

கோலத்துக்கு அனுமதி! கேட்டீர்களா இந்த விந்தையை? மறுநாள் கோபாலபுரத்தில் கலைஞர் இல்லத்தின் வாசலிலும், ஆழ்வார்பேட்டையில் மு.க. ஸ்டாலின் இல்லத்தின் வாசலிலும், சி.ஐ.டி. காலனியில் கனிமொழி இல்லத்தின் வாசலிலும் அதே சொற்கள் கோலமாக மலர்ந்தன. ஒரு தெருவில் அழிக்க முயன்றது ஊரெங்கும் பரவிற்று.

இச்செய்தியைப் பலரும் அரசியலாகப் பேசி முடித்துவிட்டனர். நாம் இதனைக் கலையாகவும் எடுத்துக்கொள்ள விரும்புகிறோம். கோலம் கலை என்று எல்லாரும் ஒப்புகின்றனர் அல்லவா? கலை என்றால் அது திறனாய்வுக்கு உரியது. வீட்டு வாசலில், வீட்டுச் சுவரில், வீட்டு மாடியில் ஒருவர் தம் கருத்தைப் பொறித்து வைப்பதும் ஓர் இலக்கிய வகையே. அதில் நல்லதும் உண்டு, போலியும் உண்டு. எது நல்லது, எது போலி என்று பிரித்துக் காட்டுவதே இங்கு நம் வேலை.

முதலில் ஒரு மயக்கத்தைத் தெளிய வைப்போம். "வீடு என்பது குடும்பத்தின் இடம், அங்கே அரசியல் எதற்கு?" என்பார் உளர். நாம் கேட்கிறோம்: வாசல் என்றைக்கு வாய்மூடி இருந்தது? காலையில் கோலம் இல்லாத வாசலைக் கண்டால், அந்த வீட்டில் சாவு நேர்ந்ததோ என்று தெருவே தயங்கி நிற்கும். நிலையில் வேப்பிலை செருகியிருந்தால் உள்ளே அம்மை கண்டிருக்கிறது என்று சிறுவனும் அறிவான். கதவில் தீட்டிய நாமமும் பட்டையும் குடியிருப்போரின் சமயத்தைச் சொல்லும். மாடியில் தொங்கும் திருஷ்டிப் பொம்மை அவருடைய அச்சத்தைச் சொல்லும். இவற்றுக்கெல்லாம் எந்தக் காவல் நிலையத்தில் அனுமதிச் சீட்டு வாங்கினார்கள்? துக்கத்தைச் சொல்லலாம், நோயைச் சொல்லலாம், சாமியைச் சொல்லலாம், மூடநம்பிக்கையையும் சொல்லலாம். குடியுரிமையைப் பற்றி மட்டும் வாசல் வாய் திறக்கக்கூடாது என்றால், அந்த முறை எந்த ஊர் முறை?

மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் ஆண்டுதோறும் ஜனவரி மாதம் கோலப் போட்டி நடக்கிறது. நடுத்தெருவே களம். பார்க்கக் கூட்டம் திரளும், பரிசும் உண்டு. அதை நாம் குறை கூறவில்லை. பெண்களின் கைத்திறன் தெருவில் பாராட்டப்படுவது மகிழ்ச்சிக்கு உரியதே. ஆனால் ஒரு கோலத்துக்குப் பரிசு, இன்னொரு கோலத்துக்கு வழக்கு என்றால் வேறுபாடு மாவில் இல்லை, புள்ளியில் இல்லை. "பொங்கல் வாழ்த்து" என்று எழுதினால் தொல்லை இல்லையே! ஆகவே எழுத்திலும் இல்லை. அந்த எழுத்தின் பொருளில்தான் இருக்கிறது. பொருளைக் கண்டு அஞ்சியவர்கள் பொடியைக் குற்றவாளி ஆக்கினார்கள்.

வாசலில் தோன்றும் அரசியலுக்கு நம் நாட்டில் நெடிய வரலாறு உண்டு. 1947 ஆகஸ்ட் 15ஐப் பெரியார் துக்க நாள் என்றார். அண்ணா இன்ப நாள் என்றார். ஒரே இயக்கம், இரு கருத்து! 1965ஆம் ஆண்டு ஜனவரி 26 அன்று இந்தி ஒன்றே ஆட்சிமொழி ஆகும் நிலை வந்தபோது, அந்நாளைத் துக்க நாளாகக் கொண்டு இல்லந்தோறும் கறுப்புக்கொடி ஏற்றுமாறு தி.மு.க. அறிவித்தது. பக்தவத்சலம் அரசு பொறுக்கவில்லை. முதல்நாளே அண்ணாவையும் தோழர்களையும் சிறைப்படுத்திற்று. எண்ணிப் பாருங்கள். ஒரு முழக் கறுப்புத் துணி. அதுவும் அவரவர் வீட்டு மாடியில். அதைக் கண்டு ஓர் அரசே நடுங்கிற்று என்றால், துணிக்கா அந்த வலிமை? துணி தொங்கிய இடத்துக்கு! மேடைப் பேச்சைக் கூலிப் பேச்சு என்று தள்ளிவிடலாம். ஊர்வலத்தை அழைத்து வந்த கூட்டம் என்று இகழலாம். தான் உண்டு உறங்கும் வீட்டின் நெற்றியில் ஒருவர் கட்டும் கொடியை அப்படித் தள்ளிவிட முடியாது. "இங்கே இருக்கிறேன், இதுவே என் கருத்து, வந்து கேளுங்கள்" என்று தம் முகவரியோடு அவர் கையெழுத்திடுகிறார்.

கடல் கடந்த நாட்டிலும் இந்த வழக்கு நடந்ததுண்டு. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் லட்யூ என்றொரு சிற்றூர். வசதி மிக்கோர் வாழும் ஊர். 1990 டிசம்பரில் மார்கரெட் கில்லியோ என்னும் அம்மையார், வளைகுடாப் போர் வேண்டாம் என்று எழுதிய பலகையைத் தம் வீட்டின் முன் நட்டார். அது திருடு போயிற்று. இன்னொன்று நட்டார்; அதைத் தள்ளி வீழ்த்தினர். காவலரிடம் முறையிட்டார். இந்த ஊரில் இத்தகைய பலகைகளுக்கே தடை உண்டு என்று காவலர் அவருக்குச் சட்டம் காட்டினர்! அம்மையார் வழக்குமன்றம் சென்றார். இடையில், அமைதி வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி மாடிச் சன்னலில் ஒட்டினார். 1994இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து அவர் பக்கம் தீர்ப்பளித்தனர். சொந்த வீட்டில் வைக்கும் அறிவிப்பு மலிவானது, எளியோர்க்கும் இயல்வது, சொல்பவர் யார் என்பதையும் சேர்த்துச் சொல்வது, அதற்கு ஈடான வேறு வழி இல்லை என்பதே அத்தீர்ப்பின் சாரம். நம் உச்ச நீதிமன்றமும் 2004இல் நவீன் ஜிண்டால் வழக்கில், தம் கட்டடத்தில் தேசியக் கொடியை மதிப்போடு பறக்கவிடுவது குடிமகனின் கருத்துரிமையைச் சேர்ந்தது என்று கூறிற்று. கொடி ஏற்றுவது கருத்து என்றால், கோலமிடுவதும் கருத்தே.

இனி நம் பக்கத்துக் குறைகளுக்கு வருவோம். எதிரியின் குறையை மட்டும் எழுதுவது திறனாய்வாகாது.

பெசன்ட் நகர் நிகழ்ச்சியில் காவல்துறை சொன்ன காரணங்களுள் ஒன்று, தம் வீட்டு வாசலில் கோலமிட்டதற்கு அங்குக் குடியிருந்த ஒருவர் மறுப்புத் தெரிவித்தார் என்பது. இதை நாம் எளிதாக ஒதுக்கிவிடலாகாது. வாசல் வீட்டுக்காரரின் முகம் என்பது நம் வாதம். அப்படியானால் அவர் முகத்தில் நம் சொல்லை எழுத நாம் யார்? 1959ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் இருந்துவரும் திறந்தவெளி அழகு குலைப்புத் தடுப்புச் சட்டமும், இடத்துக்குரியவரின் எழுத்து மூலமான இசைவின்றி விளம்பரம் பொறிப்பதைக் குற்றம் என்கிறது. சட்டத்தை விடுங்கள், பண்பாடு என்ன சொல்கிறது? கேட்டுவிட்டு எழுது என்கிறது. மறுத்தால் விலகு என்கிறது. அந்த முதியவரோ இளையவரோ வேண்டாம் என்றபோது, ஒரு வாளித் தண்ணீரும் "பொறுத்துக்கொள்ளுங்கள்" என்ற ஒரு சொல்லும் போதும், தகராறு தீர்ந்திருக்கும். அதற்குக் கைது எதற்கு, வழக்கு எதற்கு என்பது அரசை நோக்கிய கேள்வி. கேட்காமல் எழுதலாமா என்பது நம்மை நோக்கிய கேள்வி. இரண்டையும் கேட்பவனே பகுத்தறிவாளன்.

இன்னொரு குறை மொழியைப் பற்றியது. அக்கோலங்களிற் பல ஆங்கில முதலெழுத்துகளைத் தாங்கி நின்றன. மாடியில் செய்தித்தாள் படிப்பவருக்கு அவை விளங்கும். விடியலில் அதே தெருவில் கீரைக்கூடையோடு வரும் அம்மாவுக்கு? அவர் குடியுரிமையையும் பற்றிய செய்தி அல்லவா அது? வாசல் தமிழில் பேசினால்தான் வழியில் போகிறவர் நின்று படிப்பார். சுருக்கெழுத்து முழக்கம் ஆகலாம்; விளக்கம் ஆகாது.

சுவர்களின் கதை இதனினும் வருந்தத்தக்கது. ஒரு காலத்தில் சுவரெழுத்து என்றால் அதில் ஒரு கருத்து இருக்கும். படித்துவிட்டு இருவர் வாதாடுவர். இன்று பெரும்பாலான சுவர்களில் என்ன காண்கிறோம்? தலைவரின் முகம், வட்டத்தின் பெயர், வருக வருக, பிறந்தநாள் வாழ்த்து! எக்கட்சிச் சுவர் என்று நிறத்தைக் கொண்டு அறியலாமே தவிர, எக்கொள்கைச் சுவர் என்று அறிய வழியில்லை. முகம் பெருத்தது, சொல் இளைத்தது. 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில், அன்றைய ஆளுங்கட்சிப் பிரமுகர் ஒருவரின் இல்லத் திருமணத்துக்காகச் சாலையில் வைத்த பேனர் சரிந்து விழுந்ததால், வண்டியில் சென்ற இளம்பெண் ஒருவர் உயிரிழந்தார். பொது வழியைப் பறித்து நிறுத்திய ஆடம்பரம் அது. வாசற்கோலமோ யார் வழியையும் மறிப்பதில்லை, காலடியில் கிடக்கிறது, நடப்பவர் மிதிக்கலாம், மாலைக்குள் மறைந்துவிடும். நாளையும் அதே கருத்து வேண்டுமாயின் நாளையும் குனிந்து இடவேண்டும். தன் முகத்தைக் காட்டாமல், தன் முதுகை வளைத்துச் சொல்லும் சொல் அது. பேனரைவிடக் கோலம் உயர்ந்த இலக்கியம் என்று நாம் தீர்ப்புக் கூறுவது இதனாலேயே.

ஒரு நண்பர் நம்மை மடக்கினார்: "வாசல் அவரவர் உரிமை என்கிறீர், 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபே முன் பெரியார் மறியல் நடத்தியது எதற்கு? அதுவும் அவர் கடை, அவர் பலகைதானே?" நல்ல கேள்வி. 'பிராமணாள்' என்ற சொல்லை உணவுக்கடைப் பலகையிலிருந்து நீக்கக் கோரி, நாள்தோறும் தொண்டர்கள் சிறை சென்றார்கள், மாதங்கள் உருண்டன, 1958இல் அச்சொல் அகன்றது. அந்தப் பலகை கருத்துச் சொல்லவில்லை. மனிதரைத் தரம் பிரித்தது. காசு கொடுக்கும் எவரும் நுழையவேண்டிய பொதுக்கடையின் நெற்றியில் பிறப்பின் உயர்வை எழுதி வைத்தது. "இது என் எண்ணம்" என்னும் பலகையோடு அயலார் வாதாடலாம். "நீ எனக்குக் கீழ்" என்னும் பலகையோடு என்ன வாதாடுவது? முன்னதைக் காப்பதும் பின்னதை எதிர்ப்பதும் முரண் அல்ல. ஒரே நீதியின் இரு கைகள்.

அப்பலகை ஒழிந்துவிட்டதா? நாம் பள்ளி ஆசிரியர்; சென்ற ஆண்டு வாடகைக்கு வீடு தேடித் தியாகராய நகரில் அலைந்தோம். ஒரு வாயிற்கதவில் அட்டை தொங்கிற்று: "வீடு வாடகைக்கு. சைவர்களுக்கு மட்டும்." வீட்டுக்காரர் இன்முகத்தோடு உள்ளே அழைத்தார். ஊர் கேட்டார், தந்தையார் தொழில் கேட்டார், சமையலைக் கேட்டார். எதைக் கேட்கச் சுற்றிவளைக்கிறார் என்பது நமக்குப் புரியாமல் இல்லை. இறுதியில் ஒரு நிபந்தனை சொன்னார்: "தம்பி, வாசலில் கொடி, சுவரில் எழுத்து ஒன்றும் கூடாது. இந்தத் தெருவில் அரசியலே கிடையாது." அவர் பேசிக்கொண்டிருந்த இடத்துக்கு நேர் எதிரே அந்த அட்டை ஆடிக்கொண்டிருந்தது! நம் கொடி அரசியல்; அவர் அட்டை வழக்கம். நம் சொல் கலகம். அவர் சொல் சுத்தம். மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் இத்தகைய அட்டைகளை நாம் பார்த்தோம். அவை சோற்றைப் பற்றிப் பேசுவதுபோல் சாதியைப் பற்றிப் பேசுகின்றன. ஒரு தெருவின் உண்மையான அரசியல் பலகை அதுவே.

அந்த வீட்டை நாம் எடுக்கவில்லை. இப்போது இருப்பது மயிலைச் சந்து ஒன்றில் ஒற்றை அறை. இங்கும் சுவர் நமதன்று; வாடகைக்காரனுக்கு வாடகை உண்டு, வாசல் இல்லை. கருத்துரிமை எல்லார்க்கும் உண்டு என்கிறோம். அதை எழுதச் சுவர் யாரிடம் இருக்கிறது என்று கேட்டால், நகரில் பாதிப்பேர் ஊமைகள் என்பது தெரியும். அடுக்கு வீடுகளின் வாசலில் விடியற்காலையில் கோலமிடுபவர் பெரும்பாலும் வீட்டு வேலைக்கு வரும் பெண். கை அவருடையது, வாசல் பிறருடையது. அவர் தம் கருத்தை எங்கே இடுவார்?

தோழர்களே, சில கடமைகளை வைத்துக்கொள்வோம். நம் வாசலில் நம் கையால், நம் மொழியில் எழுதுவோம். பிறர் வாசலில் கேட்காமல் எழுதோம். பொது வழியை மறியோம். முகத்தை எழுதாமல் கருத்தை எழுதுவோம். அடுத்த வீட்டார் நமக்கு நேர்மாறான கொடியைக் கட்டினால், அதைக் கிழிக்க வரும் கையை முதலில் தடுப்பவர்களாக இருப்போம். பிறகு அவர் திண்ணையில் அமர்ந்து வாதாடுவோம். அவரும் நம் வாசலுக்கு அதைச் செய்யக் கடமைப்பட்டவர். மனிதரைப் பிறப்பால் விலக்கும் அட்டையைக் கண்டால், கல்லெறியாமல், கதவைத் தட்டி, "ஐயா, இது ஏன்?" என்று கேட்போம். ஒவ்வொரு முறையும் கேட்போம்.

நம் சந்தில் அடுத்த வீட்டுப் பெரியவர் வேறு கட்சிக்காரர். அவர் மாடியில் அவர் கொடி பறக்கிறது. வரும் மார்கழியில் வாசலில் இரண்டு சொல் எழுதிக்கொள்ளலாமா என்று நம் வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டிருக்கிறோம். "என்ன சொல் என்று முதலில் சொல்லு தம்பி" என்றார். சொல்லிக்கொண்டிருக்கிறோம்.